நான்கு கணினிகள் சேர்த்தோம், அறிக்கை ஐம்பது நிமிடம் பிந்துகிறது

பிப்ரவரி 6, 2024, இரவு 10.20

எட்டுக் கணினிகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ஒரு கிளஸ்டர். மூன்று குழுக்களின் இரவு வேலைகள் அதில் ஓடுகின்றன: எங்கள் தினசரி அறிக்கை, இன்னொரு குழுவின் இயந்திரக் கற்றல் மாதிரிப் பயிற்சி, மூன்றாவது குழுவின் லாக் (கணினிகள் எழுதும் பதிவேடு) சுத்திகரிப்பு. எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலர் ஏர்ஃப்ளோ. அறிக்கை காலை 5.40க்குத் தயாராகிவிடும். இடம் போதவில்லை என்று மூன்று மாதம் கெஞ்சி நான்கு கணினிகள் வாங்கினோம். பன்னிரண்டாகிவிட்டது. இப்போது அறிக்கை 6.30க்கு வருகிறது.

தரவின் அளவு கூடவில்லை. நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. எப்படி?

'வேறு ஷெட்யூலருக்கு மாறுங்கள்' என்று யாரும் சொல்ல வேண்டாம். மூன்று முறை மாறிவிட்டேன். பிரச்சினையும் ஒவ்வொரு முறையும் கூடவே குடிபெயர்ந்து வந்தது.

பிப்ரவரி 6, இரவு 11.45

கேட்டவர்களுக்கு விவரம். மொத்தம் 63 பணியோட்டங்கள், அதாவது ஒன்றையடுத்து ஒன்றாக ஓடும் பணிகளின் தொடர்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து முதல் ஐம்பது பணிகள் வரை. இவற்றில் 19 சரியாக நள்ளிரவு 12.00க்குத் தொடங்குகின்றன. ஏன் 12.00 என்று மூன்று குழுக்களையும் கேட்டேன். 'அப்போது யாரும் இருக்க மாட்டார்கள்' என்று மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

ஜென்கின்ஸ் என்ற இன்னொரு தானியங்கிக் கருவியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. நேரம் குறிக்கும் இடத்தில் எண்ணுக்குப் பதிலாக 'எச்' என்ற எழுத்தைப் போட்டால், வேலையின் பெயரை வைத்துத் தானே ஒரு நிமிடத்தைத் தேர்ந்துகொள்ளும். அதே வேலைக்கு எப்போதும் அதே நிமிடம், வேறு வேலைக்குப் பெரும்பாலும் வேறு நிமிடம். நாங்கள் கையாலேயே பரப்பி வைக்கப் போகிறோம். ஆனால் எட்டுக் கணினிகள் இருந்தபோதும் இந்த நெரிசல் இருந்தது. ஆகவே 6.30க்கு இது காரணமாக முடியாது.

பிப்ரவரி 8

'கிரஹாமைப் படியுங்கள்' என்று ஒரே வரியில் பதில் எழுதியவருக்கு நன்றி. நேற்று இரவு முழுவதும் அதிலேயே போய்விட்டது.

ரொனால்டு கிரஹாம், பெல் ஆய்வகக் கணிதவியலாளர், 1966இல் எழுதியது. (பந்துகளை வீசிப் பிடிக்கும் வித்தையிலும் கெட்டிக்காரர்; அந்த வித்தைக்காரர்களின் சர்வதேசச் சங்கத்துக்கே தலைவராக இருந்தார். பணிப் பங்கீட்டைப் பற்றி எழுத வேறென்ன தகுதி வேண்டும்.) அவர் காட்டியது இதுதான்: கணினிகளைக் கூட்டினால் மொத்த நேரம் அதிகமாகலாம். பணிகளைச் சுருக்கினாலும் அதிகமாகலாம். 'இது முடிந்த பிறகே அது' என்ற நிபந்தனைகளைத் தளர்த்தினாலும் அதிகமாகலாம்.

நம்பாமல் தாளில் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடுங்கள், ஐந்து நிமிடம்தான். ஒன்பது பணிகள். முதல் பணிக்கு 3 மணி நேரம். இரண்டு, மூன்று, நான்காம் பணிகளுக்குத் தலா 2. ஐந்து முதல் எட்டு வரை தலா 4. ஒன்பதாவதற்கு 9. ஒன்பதாவது தொடங்க முதலாவது முடிந்திருக்க வேண்டும். ஐந்து முதல் எட்டு வரை உள்ளவை தொடங்க நான்காவது முடிந்திருக்க வேண்டும். விதி ஒன்றுதான்: கணினி காலியானால், பட்டியலில் தயாராக இருக்கும் முதல் பணியை உடனே எடுக்கும், வேலை இருக்கும்போது சும்மா இருக்காது.

மூன்று கணினிகளில் ஓட்டினால், மூன்றாம் மணி நேரத்தில் நீளமான ஒன்பதாவது பணி தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் வேறெதுவும் தயாராக இல்லாததால் அதற்கு இடம் கிடைக்கிறது. எல்லாம் 12 மணி நேரத்தில் முடிகிறது. கணினிகள் நான்கானால் நான்காவது பணி முன்கூட்டியே முடிந்து, ஐந்து முதல் எட்டு வரை நான்கும் சீக்கிரமே தயாராகிவிடுகின்றன. பட்டியலில் முன்னால் நிற்பவை என்பதால் எல்லாக் கணினிகளையும் அவையே பிடித்துக்கொள்கின்றன. ஒன்பதாவது பணிக்கு ஆறாம் மணி நேரத்தில்தான் இடம். மொத்தம் 15.

ஒரு கணினி கூடியது, மூன்று மணி நேரம் நஷ்டம். ஒன்பது பணிகளையும் தலா ஒரு மணி நேரம் சுருக்கி, பழைய மூன்று கணினிகளிலேயே ஓட்டினால் 13. அதுவும் 12ஐவிட அதிகம்.

எங்கள் கதை அப்படியே இதுதான். வழக்கு முடிந்தது.

பிப்ரவரி 9

முடியவில்லை. 'உங்கள் ஒன்பதாவது பணி எது?' என்று ஒருவர் கேட்டுவிட்டார். எனக்குத் தெரியவில்லை. தாளில் இருக்கும் ஒன்பது பணிகளைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவனுக்குச் சொந்தக் கிளஸ்டரைப் பற்றித் தெரியவில்லை.

இன்று லாகுகளை எடுத்து, பழைய இரவு ஒன்றையும் புதிய இரவு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஒன்பதாவது பணி ஒரு பெரிய இணைப்புப் பணி: வாடிக்கையாளர் அட்டவணையையும் பரிவர்த்தனை அட்டவணையையும் சேர்ப்பது. 70 நிமிடம் ஓடும். அதன் பிறகு இரண்டு சின்னப் பணிகள், அறிக்கை தயார். முன்பு 4.15க்குத் தொடங்கிய அந்தப் பணி இப்போது 5.05க்குத் தொடங்குகிறது. தயாராகி 25 நிமிடம் வரிசையில் நிற்கிறது.

அதை முந்திக்கொண்டு போனது யார்? லாக் சுத்திகரிப்பு. மதியம் வரை யாருக்கும் தேவைப்படாத வேலை.

பிப்ரவரி 9, பின்னிரவு

ஏன் முந்துகிறது என்பதும் தெரிந்துவிட்டது. ஆவணத்தில் கொட்டை எழுத்தில் இருந்ததை நான்தான் இத்தனை நாள் படிக்கவில்லை.

ஏர்ஃப்ளோவில் ஒவ்வொரு பணிக்கும் முன்னுரிமை எடை உண்டு. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 1. ஆனால் வரிசையில் பயன்படும் எடை அந்த ஒன்று மட்டும் இல்லை. அந்தப் பணிக்குக் கீழே, அதை நம்பி நிற்கும் எல்லாப் பணிகளின் எடைகளும் கூட்டப்படும். யோசனை நல்லதுதான்: பின்னால் நிறையப் பேர் காத்திருக்கும் பணியை முதலில் அனுப்பு. ஆனால் கூட்டப்படுவது தலைகளின் எண்ணிக்கை, நிமிடங்கள் இல்லை. எங்கள் 70 நிமிடப் பணிக்குக் கீழே இரண்டே பணிகள், எடை 3. லாக் சுத்திகரிப்பின் முதல் பணிக்குக் கீழே அரை நிமிடப் பணிகள் நாற்பது, எடை 41. போட்டியே கிடையாது.

எட்டுக் கணினிகள் இருந்தபோது லாக் சுத்திகரிப்பு அந்த நேரத்துக்குத் தயாராகியிருக்காது. புதிய கணினிகள் அதன் முன்வேலைகளைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்துவிட்டன. இது கிரஹாமேதான்.

இணைப்புப் பணிக்குக் கையால் 500 போட்டிருக்கிறேன். நாளை பார்க்கலாம்.

பிப்ரவரி 10

6.06. 24 நிமிடம் மிச்சம். நன்றாக இருக்கிறது, ஆனால் 5.40 எங்கே?

பிப்ரவரி 11

'அறிக்கையின் எல்லாப் பணிகளுக்கும் உச்ச முன்னுரிமை கொடுத்துவிட்டால் தீர்ந்தது' என்கிறார்கள். தீராது. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் தன்னைத்தானே திரும்பத் திரும்ப மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தரவு சேகரிக்கும் குறைந்த முன்னுரிமைப் பணி ஒரு பூட்டைப் பிடித்திருந்தது, அதாவது பொதுவான ஒன்றை வேறு யாரும் தொடாதபடி வைத்திருந்தது. அதே பூட்டுக்கு உயர் முன்னுரிமைப் பணி ஒன்று காத்திருந்தது. நடுத்தர முன்னுரிமைப் பணி ஒன்று நடுவே புகுந்து, பூட்டை வைத்திருந்தவரை ஓடவிடாமல் செய்தது. உயரத்தில் இருப்பவர் காத்துக் கிடக்க, நேரம் கடந்துவிட்டது என்று கண்காணிப்பு ஏற்பாடு எல்லாவற்றையும் மறுபடி தொடங்கியது. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் ஓர் அமைப்பை இயக்கிவிட்டதும் சரியாயிற்று.

எங்களிடமும் இதன் சின்ன வடிவம் உண்டு. சுத்திகரிப்புப் பணி ஓர் அட்டவணையைப் பூட்டிவிட்டு, தன் அடுத்த படிக்காக வரிசையில் போய் நிற்கிறது. அறிக்கைக்கு எத்தனை முன்னுரிமை கொடுத்தாலும் அந்தப் பூட்டு அவிழப்போவதில்லை. பூட்டையும் திறப்பையும் ஒரே பணிக்குள் வைக்கச் சொல்லி அந்தக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். 'பார்க்கிறோம்' என்றார்கள்.

பிப்ரவரி 13

காத்திருக்கும் பணிகளைப் பற்றி இதுவரை எழுதாமல் விட்டுவிட்டேன். ஒரு கோப்பு வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் சென்சார் பணிகள். இயல்பான நிலையில் இவை எட்டிப்பார்க்காத நேரத்திலும் ஸ்லாட்டை (ஒரு நேரத்தில் ஒரு பணி ஓடும் இடத்தை) விடுவதில்லை. இன்று அதிகாலை 3 மணிக்கு எண்ணினேன்: 48 ஸ்லாட்டுகளில் 11 இப்படி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன. 'மறுபடி அட்டவணைப்படுத்து' என்ற முறைக்கு மாற்றினால் பார்த்துவிட்டு எழுந்து போய்விடும், அடுத்த முறை வரும். மாற்றிவிட்டேன்.

இதில் எனக்குப் பழைய காயம் உண்டு. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு காலை எல்லாம் உறைந்து நின்றது. பிழைச் செய்தி இல்லை. கணினிகளில் சுமையும் இல்லை. பதினாறு ஸ்லாட்டுகளிலும் பதினாறு சென்சார்கள். பதினாறும் ஒரே பணி முடிவதற்காகக் காத்திருந்தன. அந்தப் பணி தனக்கு ஒரு ஸ்லாட்டுக்காகக் காத்திருந்தது. இரண்டு மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பச்சை நிறத்தில் 'ஓடிக்கொண்டிருக்கிறது' என்று காட்டியது.

பிப்ரவரி 14

5.58. எட்டு நிமிடம்.

பிப்ரவரி 15

திருத்தம். முதல் நாள் 19 பணியோட்டங்கள் 12.00க்குத் தொடங்குகின்றன என்று எழுதியிருந்தேன். 23. மீதி நான்கு ஏர்ஃப்ளோவிலேயே இல்லை. வேலையை விட்டுப் போய்விட்ட ஒருவருடைய கணக்கில், கிளஸ்டரின் பழைய கணினி ஒன்றில், வெறும் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் பழைய வசதி) வரிகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஷெட்யூலருக்கு அவை தெரியாது, ஆனால் அதே நினைவகத்தையும் அதே வட்டையும் தின்கின்றன. இத்தனை நாள் கிளஸ்டர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

இதைவிட மோசம்: அந்த நான்கில் ஒன்று எழுதும் கோப்பைத்தான் எங்கள் அறிக்கை 2.00 மணிக்குப் படிக்கிறது. இரண்டுக்கும் இடையே எந்தச் சார்பும் அறிவிக்கப்படவில்லை. 'இரண்டு மணி நேரம் தாராளம்' என்று யாரோ ஒருநாள் நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் ஒப்பந்தம். அது 2.05க்கு முடிந்தால், அறிக்கை நேற்றைய கோப்பைப் படித்துவிட்டு வெற்றி என்று பச்சை காட்டும். எத்தனை நாள் அப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

(கிரான் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கோடை நேர மாற்றம் உள்ள ஊர்களில் சர்வர் உள்ளூர் நேரத்தில் இருந்தால், அதிகாலை 2.30 என்பது ஆண்டில் ஒருநாள் வராமலே போகலாம். உலகப் பொது நேரத்தில் வையுங்கள்.)

பிப்ரவரி 17

நிர்வாகத்திலிருந்து ஒரு வேண்டுகோள்: 'புதிய கணினிகள் 60 சதவீதம்தான் பயன்படுகின்றன. 95க்குக் கொண்டுவாருங்கள்.' பதிலாக ஒரு சின்னக் கணக்கு அனுப்பினேன். வேலைகள் ஒழுங்கின்றி வந்து சேரும் ஒற்றை வரிசையில், சராசரிக் காத்திருப்பு என்பது பயன்பாட்டை மிச்சமிருக்கும் காலியிடத்தால் வகுத்தால் வருவது. பயன்பாடு 80 சதவீதமானால், ஒரு வேலை ஓடும் நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருப்பு. 90இல் 9 மடங்கு. 95இல் 19. கடைசி 5 சதவீதத்தைப் பிழிவதற்கு, காத்திருப்பை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 18

நேற்றைய கணக்கை ஒருவர் பிடித்துக்கொண்டார். பிடித்தது சரி. அந்தச் சூத்திரம் ஒரே ஒரு கணினிக்கு. ஒரே வரிசையைப் பன்னிரண்டு கணினிகள் பகிர்ந்தால் காத்திருப்பு மிகக் குறையும். செங்குத்தான ஏற்றம் 100க்கு இன்னும் நெருக்கத்தில்தான் தொடங்கும். தவிர, எங்கள் வேலைகள் ஒழுங்கின்றியா வருகின்றன? 23 பேரும் 12.00க்குக் கதவைத் தட்டுகிறார்கள். ஏற்றம் உண்டு என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன். 19 என்ற எண்ணை விட்டுவிடுகிறேன். நிர்வாகத்துக்குத் திருத்தம் அனுப்பவில்லை.

பிப்ரவரி 20

நினைவகம். ஒவ்வொரு பணியும் எவ்வளவு கேட்கிறது, உண்மையில் எவ்வளவு தொடுகிறது என்று பட்டியல் எடுத்தோம். கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன். மிக மோசமானது: 64 ஜிபி கேட்டு 9 ஜிபிக்கு மேல் என்றுமே தொடாத ஒரு பணி. மீதி 55ஐ இரவெல்லாம் யாரும் பயன்படுத்த முடியாமல் துண்டு போட்டு வைத்திருக்கிறது. 'யார் இதை எழுதியது?' என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

நான்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு. ஒருமுறை 137 என்ற வெளியேற்றக் குறியீட்டோடு விழுந்தது (128உடன் 9ஆம் சிக்னல், நினைவகம் மீறிய பணியைக் கொல்லும்போது வழக்கமாக வருவது). பயந்துபோய் எட்டை அறுபத்து நான்காக்கிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். ஊருக்கு உபதேசம்.

12ஆகக் குறைத்தேன். விழவில்லை.

ஸ்லர்ம் என்ற இன்னொரு ஷெட்யூலரைப் பயன்படுத்துபவர் ஒருவர் நேரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே இது இன்னும் வெளிப்படை. ஆறு கணினிகள் வேண்டும் என்று ஒரு பெரிய வேலை வரிசையின் முன்னால் நிற்கிறது. இப்போது இரண்டுதான் காலி. அந்த இரண்டையும் சும்மா வைத்திருப்பதா? பெரிய வேலையின் தொடக்கத்தைத் தள்ளிப்போடாத சின்ன வேலை பின்னால் இருந்தால் இடையில் நுழைக்கலாம். 1995இல் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஐபிஎம் இயந்திரத்துக்காக எழுதப்பட்ட ஷெட்யூலர் இதைத்தான் செய்தது. ஆனால் சின்ன வேலை எப்போது முடியும் என்று அதன் சொந்தக்காரர் சொன்னால்தான் கணக்குப் போட முடியும். எல்லோரும் 24 மணி நேரம் என்று எழுதினால் எவரையும் இடைவெளியில் நுழைக்க முடியாது. இருபது நிமிட வேலைக்கு 24 மணி எழுதிவிட்டு 'வரிசை நகரவில்லை' என்று புகார் செய்பவர்களை நான் அறிவேன்.

பிப்ரவரி 24

கண்டுபிடித்தோம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

லாகில் ஒரு நெடுவரிசையை நான் இதுவரை பார்க்கவேயில்லை. பணிகள் எப்போது தொடங்கின, எவ்வளவு காத்திருந்தன என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் ஓடின என்று பார்க்கவில்லை. பார்த்தால், மூலத் தரவுத்தளத்திலிருந்து தரவு இழுக்கும் பணிகள் எல்லாமே இப்போது மெதுவாக ஓடுகின்றன. முன்பு 20 நிமிடம் எடுத்தவை இப்போது 45.

தரவுத்தளம் ஒன்றே ஒன்று. கணினிகள் எட்டாக இருந்தபோது ஒரே நேரத்தில் ஐந்தாறு பணிகள் அதிலிருந்து இழுத்தன. ஸ்லாட் தட்டுப்பாடே அதற்கு மேல் விடவில்லை. பன்னிரண்டானதும் பதினைந்து பணிகள் ஒன்றாகப் பாய்ந்தன. வட்டு அதேதான். பதினைந்தும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு எல்லாமே பிந்தின. இடம் போதவில்லை என்று நாங்கள் மூன்று மாதம் புலம்பிய அந்தப் பற்றாக்குறைதான் தரவுத்தளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

தரவுத்தளத்துக்கென்று தனியாக ஒரு பூல் (ஸ்லாட்டுகளின் தனித் தொகுப்பு) வைத்து, அதில் ஆறே ஸ்லாட்டுகள் கொடுத்தேன். ஏழாவது பணி வெளியே நிற்கட்டும்.

பிப்ரவரி 25

5.19.

பிப்ரவரி 26

அப்படியானால் கிரஹாம்? 'வழக்கு முடிந்தது' என்று எட்டாம் தேதி எழுதியது அவசரம்தான். ஆனால் எடையை மாற்றியபோது 24 நிமிடம் குறைந்ததும் உண்மை. எது எத்தனை நிமிடம் என்று பிரித்துக் காட்ட முடியுமா என்று கேட்கிறார்கள். முடியாது. இழுக்கும் பணிகள் பிந்தியதாலேயே இணைப்புப் பணி தயாராகும் நேரமும் நகர்ந்திருக்கும், அதனாலேயே சுத்திகரிப்போடு மோதியிருக்கும். எடையை இப்போது பழைய நிலைக்குத் திருப்பி ஓர் இரவு ஓட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். 5.19ஐப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

ஆர்வத்தில் தவறு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பணியோட்டத்தை இயக்கிவிடும்போது பழைய நாட்களை மறுபடி ஓட்டும் 'கேட்ச்அப்' வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர்ஃப்ளோ 2இல் எதுவும் சொல்லாவிட்டால் அது இயங்கும். முன்பு ஒருமுறை தொடக்கத் தேதியை ஓராண்டு பின்னால் போட்டுவிட்டுச் சுவிட்சை அழுத்தினேன். பதினாறு பதினாறாக 365 நாட்களும் வந்து சேர்ந்தன. அன்று என்னோடு பேசிய யாரும் இனிமையாகப் பேசவில்லை.

மார்ச் 2

'புதிய நான்கு கணினிகள் இப்போது என்ன செய்கின்றன?' அதிகாலையில் பெரும்பாலும் மாதிரிப் பயிற்சிக் குழு பயன்படுத்துகிறது. அவர்கள் தரவுத்தளத்தைத் தொடுவதில்லை, மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். அறிக்கைக்கு எட்டுக் கணினிகளே போதுமாக இருந்திருக்கும். இதை நிர்வாகத்திடம் யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 5

கிரான் வரிகள் நான்கையும் பற்றிக் கேட்டவருக்கு: அறிக்கைக்குக் கோப்பு எழுதுவதை ஏர்ஃப்ளோவுக்குள் கொண்டுவந்து, சார்பையும் அறிவித்துவிட்டோம். இப்போது தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுகிறது. ஆகவே பாதிக் கோப்பை யாரும் படிக்க முடியாது. இரண்டாவது, 2021இல் மூடப்பட்ட ஒரு திட்டத்துக்கு இன்னமும் தினமும் காப்புப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டோம்.

மூன்றாவதும் நான்காவதும் என்ன செய்கின்றன என்று எவருக்கும் தெரியவில்லை. எழுதும் கோப்பை யார் படிக்கிறார்கள் என்பதும் தெரியவில்லை. நேற்று மாலை மூன்றாவது வரி ஓடாமல் இருக்க அதன் முன்னால் ஒரு கருத்துக் குறி போட்டு வைத்தேன். இதுவரை தொலைபேசி வரவில்லை.

மார்ச் 6, காலை 7.10

வந்துவிட்டது.